வீரிருப்பு வெள்ளைக் கோபுரமும் காணாமல் போன நாகப்பட்டினமும்

வீரிருப்புக்குப் போய் வந்தவங்க எழுதினது, படம் போட்டது எல்லாத்தையும் வரிசையா படிச்சுட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எல்லாருடைய எழுத்திலும் ஒரே வார்த்தை. "நம்ம ஊர்ப் பக்கம் புத்தரா! ஆச்சரியமா இருக்கே!" எனக்கு அந்தக் கோபுரத்தைப் பார்த்து வந்த ஆச்சரியத்தை விட, இந்த ஆச்சரியத்தைப் பார்த்து வந்த ஆச்சரியம்தான் பெரிசு. பதிவு கொஞ்சம் நீளம் மக்கா. டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு வாங்க.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. வீரிருப்பு என்பது தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிற கிராமம். ராஜபாளையத்திலிருந்து சோழபுரம், கரிவலம்வந்தநல்லூர் தாண்டி சங்கரன்கோவில் போய், அங்கேயிருந்து போகணும். கரிசல் காடு, பருத்தி, சோளம், நடுநடுவே பனை. இதற்கு நடுவில் திடீரென்று ஒரு வெள்ளை அரைக்கோளம். நிப்போன்சான் மியோஹோஜி என்கிற ஜப்பானிய பௌத்தத் துறவியர் அமைப்பு கட்டிய உலக அமைதி கோபுரம். 2020ல் திறந்தார்கள். திறந்த கையோடு கொரோனா வந்து ஊரடங்கு போட்டுவிட்டார்கள். அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி :-)

இந்த அமைப்பை ஆரம்பித்தவர் நிச்சிதாத்சு ஃபுஜீ. 1885ல் பிறந்து 1985ல் போய்ச் சேர்ந்தவர், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு. 1931ல் இந்தியா வந்தார். 1933ல் வார்தாவில் காந்தியைப் பார்த்தார். அவருடைய ஆட்கள் கையில் ஒரு முரசை வைத்துத் தட்டிக்கொண்டே 'நமு மியோஹோ ரெங்கே க்யோ' என்று சொல்வார்கள். தாமரைச் சூத்திரத்துக்கு வணக்கம் என்று அர்த்தம். அந்த மந்திரத்தையும் முரசையும் காந்தி தன் ஆசிரமப் பிரார்த்தனையிலேயே சேர்த்துக்கொண்டார். அணுகுண்டுக்கு அப்புறம் அமைதி கோபுரம் கட்டுவதையே ஃபுஜீ தன் வேலையாக எடுத்துக்கொண்டார். முதல் கோபுரம் 1954ல் ஜப்பானில் குமாமொத்தோ ஊரில். அப்புறம் 1969ல் நம்ம ராஜ்கிர், பிறகு தௌலி, லே, டார்ஜிலிங் என்று ஒரு வரிசை. அந்த வரிசையில் இப்போது கரிசல் காட்டு வீரிருப்பும் இருக்கிறது. டூர் போகிறவர்கள் லேயில் அந்த வெள்ளைக் கோபுரத்துக்கு மூச்சு வாங்க ஏறிப் படம் எடுப்பார்கள். அதன் தம்பி சங்கரன்கோவில் பக்கம் இருக்கிறான் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் பிறந்து வளர்ந்தது ராஜபாளையம். அம்மாவின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் தூரம்தான். ஆனால் இரண்டும் வேற வேற உலகம். எங்க ஊரில் சங்கு ஊதினால் மில் ஷிப்ட் மாறுது என்று அர்த்தம். அங்கே சங்கு ஊதினால் ஆண்டாளுக்குத் திரை போட்டாச்சு என்று அர்த்தம். பள்ளிக்கூட லீவு முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் கழியும். பால்கோவாவுக்கு அடுத்தபடியாக அங்கே இலவசமாகக் கிடைக்கிற பொருள் உபன்யாசம். அதில் திருமங்கையாழ்வார் கதை வரும் நாளில் கூட்டம் ஜாஸ்தி. ஏன்னா அது நல்ல திருட்டுக் கதை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்ரீரங்கத்துக்கு மதில் கட்ட ஆழ்வாரிடம் காசு இல்லை. நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் ஒன்று இருக்கிறது, அதில் பொன்னால் ஆன புத்தர் இருக்கிறார் என்று கேள்விப்படுகிறார். சிஷ்யர்களோடு போய், தந்திரம் பண்ணி உள்ளே இறங்கி, அந்தப் பொன் புத்தரைத் தூக்கிக்கொண்டு வந்து, உருக்கி, மதில் கட்டி முடிக்கிறார். குருபரம்பரைக் கதைகளில் இருக்கிற சம்பவம்தான், நான் இட்டுக்கட்டவில்லை. சொல்கிறவர் அபிநயத்தோடு சொல்வார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். புத்தர் சிலை என்ன ஆச்சு, அங்கே தினமும் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர் மறுநாள் காலையில் வந்து பார்த்து என்ன செய்திருப்பார் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நம்ம ஊர்ல புத்தரா" என்று ஆச்சரியப்படுகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கதையைச் சின்ன வயசிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். மீதிப் பேர் பொன்னியின் செல்வன் படித்தவர்கள். அதில் காய்ச்சலில் கிடக்கிற அருள்மொழிவர்மரை நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துப் பிக்குகள்தானே காப்பாற்றுகிறார்கள்! விகாரத்தைக் கதையில் மட்டும் ஏற்றுக்கொள்வோம், மண்ணில் பார்த்தால் 'ஜப்பான்காரன் கொண்டு வந்தது' என்போம். நல்லா இருக்கு நியாயம்.

நாகப்பட்டினத்தின் நிஜக் கதை உபன்யாசத்தை விடச் சுவாரசியம். ராஜராஜன் காலத்தில், 1006 வாக்கில், ஸ்ரீவிஜயத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் அப்பா சூடாமணிவர்மன் பெயரில் அங்கே விகாரம் எழுப்புகிறான். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டிய அதே ராஜராஜன், அக்மார்க் சைவன், ஆனைமங்கலம் என்கிற ஊரை இந்த விகாரத்துக்கு எழுதிக் கொடுக்கிறான். அதிலிருந்து வரவேண்டியது 8943 கலம் நெல், அதற்கு மேல் தூணி, குறுணி, நாழி வரைக்கும் கணக்கு. பெண் யானையை நடத்தி எல்லை குறித்தார்கள். அவன் வாயால் சொன்னதை மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். 21 ஏடுகள், சோழ முத்திரை வைத்த வளையத்தில் கோத்தது. டச்சுக்காரர்கள் காலத்தில் கப்பலேறி கடைசியில் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் பெயரே லெய்டன் செப்பேடு என்று ஆகிப்போச்சு. ஆனைமங்கலத்துக்காரன் கொடுத்த நெல்லுக்கு லெய்டன் பெயர்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்து வருகிறது. செப்பேடு வெட்டிய அதே ராஜேந்திரன் 1025ல் கப்பல் படையை அனுப்பி அதே ஸ்ரீவிஜயத்தை அடித்து நொறுக்குகிறான். கடாரம் கொண்டான் என்று பட்டம் வேற. சரி, எதிரி நாட்டான் கட்டின விகாரத்தை என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. 1090ல் முதல் குலோத்துங்கன் அந்த விகாரத்துக்கு இருந்த பழைய உரிமைகளை உறுதி செய்து இன்னொரு செப்பேடு கொடுத்தான். சின்ன லெய்டன் செப்பேடு என்பது அதுதான். சண்டை வேற, விளக்கு வேற என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது அந்த ஆட்களுக்கு.

(நம்ம கால ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு இடைச்செருகல்: திருமங்கையாழ்வார் ராஜராஜனுக்கு முந்தியவர். எனவே கதையில் வருகிற விகாரம் சூடாமணி விகாரமாக இருக்க முடியாது. அதற்கும் முன்னால் அங்கே ஒன்று இருந்திருக்க வேண்டும், அல்லது பின்னால் கதை எழுதியவர்கள் தங்கள் காலத்து விகாரத்தை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும். எதுவானாலும், கதை சொன்னவர்களுக்கு நாகப்பட்டினம் என்றால் புத்தர் ஊர் என்று தெரிந்திருக்கிறது.)

அப்புறம் என்னாச்சு? இங்கேதான் நம்மாட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைக்கு வருவார்கள். ஒரு கட்சி, "சைவ வைணவ வெறியர்கள் இடிச்சுட்டாங்க" என்பது. இன்னொரு கட்சி, "அப்படி ஒண்ணுமே நடக்கல, பௌத்தம் தானா செத்துப்போச்சு" என்பது. முதல் கட்சிக்கு என் பதில்: நாகப்பட்டினத்தில் 'புதுவெளி கோபுரம்' என்றும் 'சீனா கோபுரம்' என்றும் பெயர் வாங்கி, கடலில் வருகிற கப்பல்காரனுக்கு அடையாளமாக நின்ற மூன்று நிலை செங்கல் கோபுரம் 1846ல் வால்டர் எலியட் போய்ப் பார்த்தபோதும் நின்றது. அதை இடித்தது 1867ல். இடித்தவர்கள் பக்கத்தில் கல்லூரி நடத்திய சேசு சபைப் பாதிரிமார்கள். அனுமதி கொடுத்தது சென்னை அரசாங்கம். ஆழ்வாரும் இல்லை, நாயன்மாரும் இல்லை. இரண்டாவது கட்சிக்கு என் பதில்: ஒன்றுமே நடக்கவில்லை என்றால் புத்தரை உருக்கின கதையை நாமே ஏன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? உண்மையோ பொய்யோ, அது களவு என்பது சொன்னவருக்கே தெரியும். 'நல்ல காரியத்துக்காக' என்று சமாதானமும் கூடவே வருகிறது பாருங்க. சமாதானம் தேவைப்படுகிற இடத்தில்தான் சமாதானம் வரும்.

அந்தக் கோபுரம் சூடாமணி விகாரத்தின் மிச்சம்தானா என்பதிலும் கேள்வி உண்டு. வாங் தாயுவான் என்கிற சீனப் பயணி 1349ல் எழுதிய புத்தகத்தில், இங்கே சீனர்கள் 1267ல் கட்டிய கோபுரம் ஒன்று இருந்ததாக எழுதுகிறார். நின்றது அதுவாகவும் இருக்கலாம். 1476ல் பர்மாவின் பெகு அரசன் வெட்டுவித்த கல்யாணி கல்வெட்டில், கப்பல் கவிழ்ந்து கரையேறிய பிக்குகள் நாகப்பட்டினம் வந்து, சீனதேசத்து ராஜா செய்வித்த குகையில் இருந்த புத்தரை வணங்கினார்கள் என்று வருகிறது. ஜாவா, சுமத்ரா, சீனா, பர்மா என்று வருகிறவன் எல்லாம் இறங்கிக் கும்பிட்டுப் போகிற கடற்கரைப் பட்டினமாக அது இருந்திருக்கிறது. 1856ல் ஆரம்பித்து அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து கிட்டத்தட்ட 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் பெரும்பங்கு எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. டி.என்.ராமச்சந்திரன் 1954ல் அவற்றுக்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். நாகப்பட்டினத்தில் போய் நின்று "விகாரம் எங்கே இருந்தது அண்ணாச்சி?" என்று கேட்டேன். "எந்த விகாரம்? சினிமா செட்டா?" என்றார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. காட்டுவதற்கு அங்கே என்ன இருக்கு?

இதே போல ஒரு கடற்கரை ஊரை ஜப்பானில் பார்த்தேன். ஆபீஸ் வேலையாக யோகஹாமாவில் சில மாதம் இருந்தபோது, ரயிலேறினால் அரை மணி நேரத்தில் காமகுரா. அங்கே கோத்தோகு-இன் என்கிற கோயிலில் பெரிய வெண்கல புத்தர் இருக்கிறார். 1252ல் செய்ய ஆரம்பித்தது. பீடத்தைச் சேர்க்காமலேயே 11 மீட்டருக்கு மேல் உயரம். 121 டன் எடை. மேலே கூரை இல்லை, வானம்தான். முதலில் மண்டபம் இருந்தது. புயலில் இரண்டு தடவை விழுந்தது. திரும்பக் கட்டினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் கடல் உள்ளே வந்து மண்டபத்தைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் கட்டவில்லை, புத்தர் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறார். 1923 பூகம்பத்தில் பீடம் சேதமானது, சரி பண்ணினார்கள். சில்லறை யென் கொடுத்தால் அவர் வயிற்றுக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். முதுகில் காற்று வர இரண்டு ஜன்னல் வேற. ஒரு பாட்டியம்மா வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளே கூச்சல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை.

அங்கே நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது 2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் கடல் அதிகம் பேரைக் கொண்டுபோனது நாகை மாவட்டத்தில்தான். கடல் இரண்டு ஊரையும் ஒரே மாதிரிதான் அடித்திருக்கிறது. காமகுராவில் கடல் வந்த பிறகும் புத்தர் இருந்தார். நாகப்பட்டினத்துப் புத்தரைக் கடல் ஒன்றும் செய்யவில்லை, நாம்தான் வழியனுப்பி வைத்தோம்.

அதே காமகுரா கோயில் வளாகத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஈழத்து நண்பர்களுக்கு வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. 1951ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் போட்ட மாநாட்டில், ஜப்பானிடம் நஷ்டஈடு கேட்க மாட்டோம், பகையைப் பகையால் தீர்க்க முடியாது என்று தம்மபதத்தைச் சொல்லிப் பேசியவர் அன்றைய இலங்கை நிதி அமைச்சர் ஜே.ஆர்.ஜெயவர்த்தனா. ஜப்பான்காரர்கள் நன்றி மறக்காமல் 1991ல் அந்தக் கல்லை வைத்தார்கள். அதே மனிதர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. உலகத்துக்குச் சொன்ன தம்மபதம் உள்ளூர்த் தமிழனுக்குச் செல்லுபடியாகவில்லை.

இந்த விஷயத்தைத் தாண்டிப் போய் 'பௌத்தம் நம்முடையது' என்று கொடி பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. 2005ல் திருகோணமலை பஸ் நிலையத்துப் பக்கம் ராத்திரியோடு ராத்திரியாக வைத்த புத்தர் சிலை, குருந்தூர்மலை, தையிட்டி என்று வரிசையாகப் பார்த்த ஒருவருக்கு புத்தர் சிலை என்பது கண்ணை மூடித் தியானம் பண்ணுகிற உருவம் இல்லை. 'இந்த இடம் இனி உன்னுடையது இல்லை' என்று எழுதிய பலகை. அவரிடம் போய் மணிமேகலையைப் பற்றிப் பேசினால், 'நீங்க சென்னையில் உட்கார்ந்து பேசுங்கோ' என்பார். நியாயம்தான்.

ஆனால் அதனாலேயேதான் பேச வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணம் கந்தரோடையில் இருக்கிற சின்னச் சின்னத் தூபிகளைக் காட்டி 'புத்தர் இருந்தார், ஆகவே இது சிங்கள பூமி' என்று ஒருவன் சொன்னால், அதற்கு 'புத்தரே இல்லை' என்பது பதில் ஆகாது. 'தமிழனும் பௌத்தனாக இருந்தான்' என்பதுதான் பதில். காவிரிப்பூம்பட்டினத்தில் உட்கார்ந்து பாலியில் எழுதிய புத்ததத்தர், வீரசோழியம் என்று தமிழ் இலக்கணம் எழுதிய புத்தமித்திரர், நாகப்பட்டினத்து விகாரம் எல்லாம் அந்தப் பதிலுக்கான சாட்சிகள். சாட்சியை நாமே மறந்துவிட்டு வழக்கில் எப்படி ஜெயிக்கிறது? 1898ல் உ.வே.சா. மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். அதே 1898ல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவித் திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பித்தார். ஒருவர் ஏட்டிலிருந்து புத்தரை எடுத்தார், இன்னொருவர் சேரியிலிருந்து எடுத்தார். முதலாமவரை நாம் பாடப் புத்தகத்தில் வைத்தோம். இரண்டாமவரைப் பற்றிப் பேச நூறு வருஷம் ஆனது. அது தனிப் பதிவு, இங்கே வேண்டாம்.

இப்போது சேலத்துக்கு வாங்க. பெரியேரி கிராமத்தில் தலைவெட்டி முனியப்பன் கோயில். உள்ளே இருக்கிற முனியப்பன் தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனம் போட்டு, கையைத் தியானத்தில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். முனியப்பன் என்றால் அரிவாளும் மீசையுமாக இருக்கணும், இவர் பாட்டுக்குக் கண்ணை மூடியிருக்கிறார். வழக்கு 2011லேயே போட்டார்கள். தொல்லியல் துறை பார்த்து 'இது புத்தர்' என்று அறிக்கை கொடுத்தது. 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது. மக்கள் வந்து பார்க்கலாம், பூஜை எதுவும் செய்யக் கூடாது என்பது உத்தரவு.

புத்தரைப் புத்தர் என்று சொன்னது சரி. நூறு சதம் சரி. ஆனால் பூஜை கூடாது என்ற இடத்தில் எனக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அந்தச் சிலை ஏன் மிஞ்சியது? யாரோ ஒரு ஊர்க்காரர் அதை முனியப்பன் என்று நம்பி எண்ணெய் வார்த்ததால் மிஞ்சியது. நாகப்பட்டினத்துக் கோபுரத்தை முனியப்பன் என்று ஒருவர் நம்பியிருந்தால் 1867ல் எந்தப் பாதிரியாரும் கடப்பாரையோடு கிட்டே போயிருக்க முடியாது, ஊரே திரண்டிருக்கும். பெயர் தப்பாக இருந்தாலும் விளக்கு சரியாக எரிந்திருக்கிறது. தொல்லியல் துறைக் கைக்குப் போன சாமிக்கு என்ன கிடைக்கும்? நீல நிறத்தில் ஒரு போர்டு கிடைக்கும், கம்பி வேலி கிடைக்கும். அதே சேலம் மாவட்டத்தில் ஆத்தூர் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் இருக்கிறார். ஊர்க்காரர்கள் புத்தர் என்று தெரிந்தே கும்பிடுகிறார்கள். தியான மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி ஒரு வழி பெரியேரிக்கும் இருந்திருக்கும். பெயரை மாற்று, விளக்கை அணைக்காதே.

விளக்கு, விளக்கு என்று நான் உயிரை வாங்குவதற்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கையில் ஒரு கிளி உண்டு, பார்த்திருப்பீங்க. அது கல்லும் இல்லை, வெள்ளியும் இல்லை. மாதுளம்பூ அலகு, மரவள்ளி இலை உடம்பு. ஒவ்வொரு நாளும் புதுசாகச் செய்ய வேண்டும். மறுநாள் வாடிப்போகும், மறுபடி செய்ய வேண்டும். சின்ன வயசில் நான் கேட்டிருக்கிறேன், "ஒரே ஒரு தங்கக் கிளி செஞ்சு வெச்சா வேலை மிச்சம்தானே?" என்று. பாட்டி சொன்னாள், "அப்ப கிளி செய்யறவன் எதுக்கு வருவான்?" அவ்வளவுதான். அந்தக் கோயிலின் 11 நிலைக் கோபுரத்தை விட இந்த இலைக் கிளிதான் அதைத் தாங்குகிறது என்பது என் கட்சி. கிளி செய்ய ஒருத்தர், மாலை கட்ட ஒருத்தர், அரையர் சேவைக்கு ஒருத்தர், ஆடிப்பூரத்துக்குத் தேர் வடம் பிடிக்க ஊரே. புரட்டாசியில் சூடிக்கொடுத்த மாலை திருப்பதி போகும், சித்திரையில் மதுரை போகும். ஒரு நாள் யாராவது வரவில்லை என்றால் ஊருக்கே தெரிந்துவிடும்.

நாகப்பட்டினத்தில் இது இல்லை என்பது என் ஊகம். கட்டினவன் கடல் தாண்டி இருந்தான். கும்பிட்டவன் கப்பலில் வந்து கப்பலில் போனான். ஆனைமங்கலத்துக் குடியானவன் நெல் அளந்தான், ஆனால் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அந்த விகாரம் தேவைப்பட்டதா? தேவைப்பட்டதாக எந்தச் செப்பேடும் பேசவில்லை. கப்பல் வருவது நின்றதும் கும்பிட ஆள் நின்றது. கோபுரம் மட்டும் கலங்கரை விளக்கம் மாதிரி நின்றது. அதுவும் ஒரு நாள் யாருக்கோ இடைஞ்சலாகிப் போனது. இதற்கு மாறாக கழுகுமலையைப் பாருங்க, சங்கரன்கோவிலிலிருந்து பக்கம்தான். சமணச் சிற்பங்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே செய்வித்தவர் பெயர் வெட்டியிருக்கிறது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள், மாணாக்கர்கள், குரத்திகள் என்கிற பெண் ஆசிரியர்கள். ராஜா பெயரைத் தேட வேண்டியிருக்கிறது, ஊர்ப் பெயர்கள்தான் நிறைய. அங்கேயும் சமணம் இன்று இல்லை என்பீர்கள். வாஸ்தவம். ஆனாலும் பாறை நிற்கிறது, ஒருத்தரும் கடப்பாரை வைக்கவில்லை.

அதனால்தான் வீரிருப்பைப் பார்த்து சந்தோஷமும் வந்தது, கவலையும் வந்தது. கட்டினவர்கள் மறுபடியும் கடல் தாண்டி வந்தவர்கள். ஆயிரம் வருஷம் கழித்து அதே கதை. நான் போனபோது முரசுச் சத்தம் கேட்டது. டம், டம், டடம் என்று ஒரே தாளம். பிரகாரம் முழுக்க நம்மாட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, காமகுராவிலும் அதுதான் நடக்கிறது. ஒரு பையன் மட்டும், எட்டு வயசு இருக்கும், முரசு வாசிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். கையில் குச்சியைக் கொடுத்தார்கள். நாலு தட்டு தட்டினான், தாளம் தப்பவே இல்லை. "பய சப்பரத்துக்கு மேளம் அடிக்கிற வீட்டுப் பய" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அவங்க அம்மா வந்து, "போதும்லே, பஸ்சு போயிரும்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அரசாங்கத்திடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. நாகப்பட்டினத்துப் புத்தர்கள் நாகப்பட்டினத்தில் இருக்கணும். 350ம் வேண்டாம், முப்பது போதும். கீழடியில் கிடைத்ததைக் கீழடியிலேயே வைத்து 2023ல் மியூசியம் திறந்தோம், சனம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறது. அதே நியாயம் கடற்கரை ஊருக்கும் பொருந்தும். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருத்தர் எட்டிப் பார்த்தாலே மியூசியம் நிறைந்துவிடும். மாதா, ஆண்டவர், நடுவில் புத்தர். அந்தக் கடற்கரைக்கு அது புதுசும் இல்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ்சும் உண்டு, ரயிலும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினாலும் அதே லைன்தான். சங்கரன்கோவிலில் இறங்கினதும் சங்கரநாராயணரை ஒரு எட்டுப் பார்த்துடுங்க, பாதி சிவன் பாதி பெருமாள். அங்கேயிருந்து ஆட்டோ பேசிக்கலாம். வெயிலுக்கு முன்னாடி போயிடுங்க, வெள்ளைத் தரை, கால் பொசுங்கிரும். தண்ணி பாட்டில் முக்கியம். முரசுக் குச்சி கையில் கொடுத்தா வாங்கித் தட்டுங்க, வெட்கப்படாதீங்க.